கொப்பியில் இல்லாத கிணறு

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 40 பேர். ஒவ்வோர் அலகு முடிந்ததும் நான் வைக்கும் சோதனையில் பெரும்பாலானோர் 70 புள்ளிக்கு மேல் எடுக்கிறார்கள். தவணை இறுதிப் பரீட்சையில் அதே அலகில் சறுக்குகிறார்கள். வினாத்தாளை எப்படி மாற்றுவது?

பதில்: உங்கள் வினாத்தாளை நான் பார்க்கவில்லை, ஆனால் அதில் "தருக", "குறிப்பிடுக" நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். "நிலத்தடி நீரில் நைத்திரேற்று சேரும் வழிகள் மூன்று தருக" என்றால், முதல்நாள் இரவு கொப்பியைப் புரட்டியவர் மூன்றையும் எழுதிவிடுவார். இரண்டு மாதத்தில் அது மறந்துபோகும்.

அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து 12 மீற்றரில் மலசலகூடக் குழி. மறுபக்கம் வெங்காயத் தோட்டம். கிணற்று நீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 62 மில்லிகிராம். காரணம் குழியா, பசளையா? இன்னும் ஒரேயொரு பரிசோதனைதான் செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள், ஏன்?" உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவான 50ஐ வினாவிலேயே கொடுத்துவிடுங்கள், அதைப் பாடமாக்க வைப்பதில் பயனில்லை. மலக்கழிவு பற்றீரியா இருக்கிறதா என்று பார்ப்பேன் என்பவருக்குப் புள்ளி உண்டு. எங்கள் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் நீர் விறுவிறென்று இறங்கும், அதனால் இரண்டும் சேர்ந்தே காரணமாகலாம் என்று எழுதுபவருக்கு அலகு விளங்கிவிட்டது.

இப்படியான வினாவை அலகு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள், விடையோடும் புள்ளித்திட்டத்தோடும். எழுதும்போதுதான் எதைப் படிப்பிக்க வேண்டும் என்பதே தெளிவாகும். 10 மணித்தியால அலகில் 4 மணித்தியாலம் ஒரு தலைப்புக்குப் போனால், ஏறக்குறைய 40 புள்ளியும் அதற்கே போகட்டும். நினைவு வினாக்களை முற்றாகத் தூக்கிவிட வேண்டாம், கால்வாசி இருக்கலாம்.

திருத்தும்போது ஆள் ஆளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துங்கள். அப்புறம், பல்தேர்வு வினாக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மொத்தப் புள்ளியில் மேலே நிற்கும் 11 பேரையும் கீழே நிற்கும் 11 பேரையும் எடுங்கள் (40 பேரில் ஏறக்குறைய 27 சதவீதம், அப்படி எடுப்பது பழைய வழக்கம்). ஒரு வினாவுக்கு மேலே 9, கீழே 8 பேர் சரி என்றால் அந்த வினா யாரையும் பிரித்துக் காட்டவில்லை. கீழே உள்ளவர்களே கூடுதலாகச் சரி என்றால் பிழை பெரும்பாலும் வினாவில்தான். "பின்வருவனவற்றுள் பொருந்தாதது அல்லாதது எது" என்று நானே ஒருமுறை எழுதி, கெட்டிக்காரப் பிள்ளைகளைக் குழப்பியிருக்கிறேன். அப்படியான வினாவுக்கு எல்லாருக்கும் புள்ளியைக் கொடுத்துவிட்டு, அடுத்த தொகுதிக்கு முன் திருத்தி எழுதுங்கள்.