அண்ணாச்சி பதில்கள்: கலயத்துச் சுண்ணாம்பு

? நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் சொன்னாராமே, அண்ணாச்சி? வெறும் வாய்ச்சவடால்தானே இது?
– வாசகர், உடன்குடி

உடன்குடிக்காரர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் ஊர்ப் பனையேறியிடமே போங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர், தடவாமல் கட்டினால் கள். ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்பார். பள்ளிக்கூடத்து சார் கொஞ்சம் கூடுதலாக, சுண்ணாம்பு இருந்தால் புளிக்க வைக்கிற ஈஸ்ட் வளராது என்பார். சரி, சுண்ணாம்பில் அது ஏன் வளரக்கூடாது? அதற்கும் ஒரு பதில் வரும், அந்தப் பதிலைக் கிளறினாலும் அடியில் 'இது நடந்தால் அது நடக்கும், இதுவரை அப்படித்தான் பார்த்திருக்கிறோம்' என்பதுதான் கிடக்கும். முன்னதும் பின்னதும் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவே 'கட்டாயம்' என்று ஒன்றைச் சொல்கிறோமே, அதை யாரும் பார்த்ததில்லை, திரும்பத் திரும்பப் பார்த்த பழக்கத்தில் மனசுதான் அதைச் சேர்த்துக்கொள்கிறது என்றார் ஹியூம். சூரியன் உதிக்காது என்று அவர் சொல்லவில்லை. இதுவரை நடந்ததுபோலவே இனியும் நடக்கும் என்பதை எதை வைத்து நிரூபிப்பீர்கள், இதுவரை நடந்ததை வைத்தா என்று மடக்கினார், அவ்வளவுதான்.

1739இல், முப்பது வயதுகூட ஆகாதபோது வெளியிட்ட புத்தகத்திலேயே இந்த வம்பைத் தொடங்கிவிட்டார். அச்சிலிருந்து செத்தே பிறந்தது என்று அவரே பின்னால் எழுதினார். விற்பனை அந்த லட்சணம்.

? ஜெர்மன் தத்துவஞானி காண்ட் அதற்குப் பதில் சொல்லிவிட்டார் என்கிறார்களே?
– வாசகர், பாளையங்கோட்டை

பாதி சொன்னார். தன்னைத் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பியது ஹியூம்தான் என்று 1783இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மனுஷர். காரணம், விளைவு என்பதெல்லாம் அனுபவத்தில் கற்றுக்கொள்வதல்ல, அனுபவம் என்று ஒன்று கிடைப்பதற்கே மனசு முன்கூட்டிப் போட்டுவைக்கிற சட்டகம் என்பது அவர் வாதம். அழகுதான். ஆனால் பதநீர் புளித்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பது வரைக்கும்தான் அது கொண்டுவிடும். சுண்ணாம்பு குறைந்ததா, வேறு ஏதுமா என்று தெரிய, பழையபடி பனையேறியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

? தத்துவம் படித்தால் வேலை கிடைக்குமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

ஹியூமுக்கே கிடைக்கவில்லையே, அம்மா! எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்கு முயன்றார், நாத்திகர் என்று எதிர்ப்புக் கிளம்பி 1745இல் கைநழுவியது. அப்புறம் 1752இல் அதே ஊரில் வக்கீல்களின் நூலகத்தில் நூலகரானார், கைக்கெட்டிய புத்தகங்களை வைத்து இங்கிலாந்து வரலாறு எழுதினார், காசு பார்த்தது அதில்தான்.