‘போடலாம் சார், இறாலுக்கு ஒண்ணும் ஆகாது’: உங்கள் வழக்கு இந்த ஒரு வரிதான்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் ஒரு வண்ணமீன் கடையில் தொட்டி, ஃபில்டர், மணல், மீன் எல்லாம் வாங்கினேன். தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம். "ரெண்டு நாள் தண்ணி ஓடட்டும், மூணாம் நாள் மீன் விடலாம்" என்றார்கள். விட்ட 15 மீனில் 9 மீன் பத்து நாளுக்குள் செத்துவிட்டன. கேட்டதற்குக் கிண்டல்தான் பதில். அதன்பின் செர்ரி இறால் என்ற சின்ன அலங்கார இறாலை வளர்த்தேன், நூறுக்கு மேல் பெருகியது, கொஞ்சம் விற்கவும் தொடங்கினேன். சென்ற மாதம் அதே கடையில் வாங்கிய மீனால் வெண்புள்ளி நோய் வந்தது. "தொட்டியில் இறால் இருக்கு, மருந்து போடலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "போடலாம் சார், இறாலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. அவர்கள் கொடுத்த மருந்தை 200 லிட்டர் கணக்கில் 20 மி.லி. ஊற்றினேன். மறுநாள் காலை இறால் எல்லாம் செத்துக் கிடந்தன. கடைக்காரர் 30 இறால் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். பில்லில் ‘உயிருள்ளவை திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருக்கிறது. மனஉளைச்சல், மீன்கள், இறால், இறால் விற்பனையில் வந்திருக்க வேண்டிய வருமானம் எல்லாவற்றுக்கும் நஷ்டஈடு வேண்டும். முகநூலில் கடைப் பெயரோடு எழுதிவிட்டேன். பணம் தராவிட்டால் இன்னும் எழுதுவேன் என்று செய்தியும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கிண்டலையும் மனஉளைச்சலையும் முதலில் ஓரமாக வையுங்கள். கடைக்காரர் மரியாதை இல்லாமல் பேசியதற்கு நுகர்வோர் ஆணையத்தில் பரிகாரம் கிடையாது.

அந்த 9 மீன்களையும் விட்டுவிடுங்கள். கடைக்காரர் சொன்னது தவறான யோசனைதான், அதில் சந்தேகமில்லை. புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இரண்டு நாள் வெறும் தண்ணீர் ஓடினால் ஒன்றும் குடியேறாது. ஆனால் அம்மோனியாவால்தான் உங்கள் மீன் செத்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? அந்த நாட்களில் டெஸ்ட் கிட் வைத்து எடுத்த அளவு உங்களிடம் இல்லை. குளோரின் நீக்காத தண்ணீரா, பையிலிருந்து நேரடியாகக் கொட்டியதா, ஒரே நாளில் 15 மீன் விட்டதா என்று எதிர்த்தரப்பு அடுக்கும். வாய்மொழியாகச் சொன்ன யோசனைக்குச் சாட்சியும் இல்லை. நிரூபிக்கும் சுமை புகார்தாரர் மேல். இந்தப் பகுதியைப் புகாரில் சேர்த்தால், நிற்கக்கூடிய பகுதியும் இதோடு சேர்ந்து சாயும்.

நிற்கக்கூடியது அந்த வாட்ஸ்அப் வரி மட்டும்.

இப்படி வருகிற புகார்கள் பெரும்பாலும் ‘சேவைக் குறைபாடு’ என்ற தலைப்பில் எழுதப்படுகின்றன. அது தவறான வாசல். கடையில் இலவசமாகச் சொன்ன யோசனை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கண்ணில் சேவையே அல்ல. கட்டணமில்லாமல் செய்வதைப் பிரிவு 2(42) வெளியே தள்ளிவிடுகிறது. யோசனையைத் தனியாக நிறுத்தாமல், காசு கொடுத்து வாங்கிய மருந்தோடு கட்டுங்கள். என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. தேவையை நீங்கள் எழுத்தில் சொன்னீர்கள். அவர் எழுத்தில் உறுதி கொடுத்தார். பிறகுதான் வாங்கினீர்கள். இந்த வரிசை முக்கியம். மருந்து வாங்கிய பில்லின் நேரம் வாட்ஸ்அப் பதிலுக்குப் பிந்தியதா என்று பாருங்கள். முந்தியது என்றால் ‘நம்பி வாங்கினேன்’ என்ற வாதமே போய்விடும்.

2019 சட்டத்திலும் இதற்கு நேரான இடம் உண்டு. உற்பத்தியாளர் தராத ஓர் உறுதியை விற்பவர் தன் பங்குக்குத் தந்து, பொருள் அதன்படி இல்லாமல் சேதம் வந்தால் விற்பவரே பொறுப்பு என்கிறது பிரிவு 86. உற்பத்தியாளரின் எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டு, அதனால் சேதம் வந்தாலும் அதே பிரிவு பிடிக்கும். உங்கள் மருந்துப் பாட்டிலின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். வெண்புள்ளிக்கு விற்கிற, காப்பர் (தாமிர) சல்பேட் கலந்த மருந்துகளில் இறால், நத்தை உள்ள தொட்டிக்கு வேண்டாம் என்று பொடி எழுத்தில் இருப்பது வழக்கம். அப்படி இருந்தால் கடைக்காரர், "லேபிளைப் படித்திருக்க வேண்டாமா?" என்பார். படித்திருக்கத்தான் வேண்டும், நஷ்டஈட்டுத் தொகை அதனால் குறையலாம். ஆனால் லேபிள் வேண்டாம் என்றதை அவர் போடலாம் என்றிருக்கிறார், அந்த முரண்பாடு உங்களுக்குத்தான் பலம். அதே காரணத்தால் மருந்துக் கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள். அவர்கள் எச்சரித்துவிட்டார்கள். சேர்த்தால் அவர்கள் வக்கீலும் உங்களுக்கு எதிராகப் பேசுவார்.

பெரிய டின்னிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி, பெயரே இல்லாமல் தருகிற கடைகளும் உண்டு. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாதபோது விற்றவர் தப்ப வழியில்லை, அதுவும் பிரிவு 86-ல் இருக்கிறது.

பில்லில் உள்ள ‘உயிருள்ளவை திரும்பப் பெறப்படாது’ உங்களைத் தொடாது. நீங்கள் கேட்பது பாட்டிலைப் பற்றி.

இனி, வழக்கு எங்கே உடையும் என்று பார்ப்போம். பிரிவு 87-ன்படி, சேதம் நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்றவர் மீது ‘பொருள் பொறுப்பு’ நடவடிக்கை, அதாவது பொருளால் வந்த சேதத்துக்கு ஈடு கேட்கும் வழக்கு, கிடையாது. நீங்கள் 20 மி.லி. ஊற்றியிருக்கிறீர்கள். லேபிள் அளவு 100 லிட்டருக்கு 10 மி.லி. என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 90 × 45 × 50 என்பது வெளி அளவு, அது 202 லிட்டர். கண்ணாடியின் தடிமனைக் கழித்தால் உள்நீளம் 88-ஐயும் உள்அகலம் 43-ஐயும் ஒட்டி வரும். மேலே 5 செ.மீ. இடைவெளி, கீழே 5 செ.மீ. மணல் போனால் நீரின் உயரம் 40. பெருக்கினால் 151 லிட்டர். மணலிடுக்கில் நிற்கும் நீரைக் கூட்டி, கல்லும் கட்டையும் பிடிக்கும் இடத்தைக் கழித்தாலும் அந்த அளவில்தான் நிற்கும். அதாவது 15 மி.லி. போட வேண்டிய இடத்தில் 20. மூன்றில் ஒரு பங்கு அதிகம். தொட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்கிற தவறு இது, ஏனென்றால் கடையில் ‘200 லிட்டர் தொட்டி’ என்றே விற்கிறார்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக இது வரும் என்று எண்ணித் தயாராகுங்கள்.

இதை மறைக்கப் பார்ப்பவர்கள்தான் தோற்கிறார்கள். "லேபிள்படிதான் ஊற்றினேன்" என்று புகாரில் சத்தியம் செய்துவிட்டு, தொட்டியின் படத்தையும் அளவையும் அதே கட்டில் இணைத்திருப்பார்கள். எதிர்த்தரப்பு ஒரு பெருக்கல் போட்டால் போதும், மற்ற உண்மைகளும் நம்பகம் இழக்கும். ஊற்றிய அளவை நீங்களே எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்தக் கூடுதல் 5 மி.லி. இல்லாவிட்டாலும் இறால் பிழைத்திருக்காது என்பதை நிறுவுங்கள். வெண்புள்ளியைக் கொல்ல மீன் தொட்டியில் வைக்கும் கரைந்த காப்பரின் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். செர்ரி இறால் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே சாகும், தண்ணீர் மென்மையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். மீன்வளக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம், சரியான அளவிலும் இந்த மருந்து இறாலைக் கொல்லும் என்று கையெழுத்திட்ட கருத்துரை வாங்குங்கள். பிரிவு 87-ஐத் தாண்ட அந்த ஒரு தாள் இல்லாமல் முடியாது.

மீதி மருந்து பாட்டிலில் இருந்தால் மூடி, டேப் ஒட்டி, நிழலில் வையுங்கள், இனி ஒரு சொட்டும் எடுக்க வேண்டாம். பரிசோதனை தேவை என்று ஆணையம் கருதினால் உங்களிடமிருந்து மாதிரியைப் பெற்று, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும், 38-ஆம் பிரிவின்படி அறிக்கைக்கு 45 நாள். லேபிளிலேயே காப்பர் என்று இருந்தால் ஆய்வகமே வேண்டியதில்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து, சாட்சிய சட்டம் 2023-ன் 63-ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். ஆணையம் சாட்சிய விதிகளைக் கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும் அந்தச் சான்றிதழ் இல்லாத குறையை வைத்தே இரண்டு வாய்தா இழுப்பார்கள்.

அடுத்த ஓட்டை, நீங்கள் கேட்கும் ‘விற்பனை வருமானம்’. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் பிரிவு 2(7)-ன்படி நுகர்வோரே அல்ல. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு, நீங்கள் அந்த வகையில் வரமாட்டீர்கள். பொழுதுபோக்காக வளர்த்து, உபரியைக் கொடுத்ததால் ஒருவர் வியாபாரி ஆகிவிடுவதில்லை, முதன்மை நோக்கம் எது என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் மாதம் இத்தனை இறால், இத்தனை வருமானம் என்று நீங்களே அட்டவணை போட்டுக் கொடுத்தால் அந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பு சார்பில் நீங்களே பதில் எழுதித் தருகிறீர்கள். வழக்கு ஏற்புடையதல்ல என்று வாசலிலேயே போகும். அப்படியே உள்ளே போனாலும், பொருள் பொறுப்பில் ‘சேதம்’ என்ற சொல்லுக்குள் வணிக இழப்பு வராது என்று பிரிவு 2(22) வெட்டிவிடுகிறது. கிடைக்கவே முடியாத தொகைக்காகக் கிடைக்கக்கூடியதைப் பணயம் வைக்கிறீர்கள். செத்த இறாலின் மதிப்பு, மருந்தின் விலை, மாற்றிய மணலின் விலை. இதற்கு மேல் எழுதாதீர்கள். தொட்டியிலேயே பிறந்த இறாலுக்குப் பில் இருக்காது, அதனால் எண்ணிக்கைக்குப் பழைய படங்களையோ வீடியோவையோ தேதியோடு எடுத்து வையுங்கள்.

முகநூல் விஷயம். கேட்டது, பதில் வந்தது, நடந்தது மூன்றையும் உள்ளபடி எழுதினால் தவறில்லை. ‘திருட்டுக் கடை’, ‘ஏமாற்றுக்காரன்’ என்று எழுதியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இன்றைய தண்டனைச் சட்டம்) பிரிவு 356-ல் அவதூறு. அதைவிட ஆபத்து உங்கள் இரண்டாவது செய்தி. பணம் தராவிட்டால் அவதூறு வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்குவது, மிரட்டிப் பறித்தலைச் சொல்லும் 308-ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு. கடைக்காரர் இந்தச் செய்தியோடு காவல் நிலையம் போனால் அன்றிலிருந்து நீங்கள் புகார்தாரர் இல்லை, குற்றம்சாட்டப்பட்டவர். நியாயம் உங்கள் பக்கம் இருப்பதே அந்தச் செய்தியை அனுப்பும் துணிச்சலைத் தந்திருக்கும், அதுதான் வருத்தம். பதிவை எடுங்கள். எடுக்குமுன் உங்கள் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தையும் பதிவையும் ஒரே வாக்கியத்தில் இனி எங்கும் சேர்க்காதீர்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். காலக்கெடு இரண்டு ஆண்டு, அவசரமில்லை. வழக்குப் போட்டாலும் நுகர்வோர் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி ஆணையமே சமரசத்துக்கு அனுப்பக்கூடும். பல மாதம் கழித்து இதே மேசையில் இதே 30 இறாலைப் பற்றிப் பேசுவீர்கள்.

ஆனால் அவர் சொன்னபடி அப்படியே வாங்காதீர்கள். இன்றைய தொட்டியில் 30 இறாலை விட்டால் அவையும் சாகும். மருந்திலுள்ள காப்பர் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெல்லத் திரும்பக் கரையும், தண்ணீர் மாற்றினால் மட்டும் போகாது. மணலை மாற்றி, ஃபில்டரில் புது கார்பன் போட்டு ஓட்டி, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை காப்பர் டெஸ்ட் பூஜ்யம் காட்டிய பிறகு முதலில் ஐந்து இறால் விட்டு ஒரு வாரம் பாருங்கள். உடன்படிக்கையையும் அதற்கேற்ப எழுதுங்கள்: முதல் தவணை ஐந்து, அவை ஒரு வாரம் பிழைத்தால் மீதி. எண்ணிக்கையைக் கூட்டிக் கேளுங்கள், புது மணலையும் அவர் தலையில் வையுங்கள். ‘கடை எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை’ என்று ஒரு வரி சேர்க்கக் கேட்பார், சேர்த்துக்கொள்ளட்டும், அதனால் உங்களுக்கு நஷ்டமில்லை. ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்ற வரிக்கு மட்டும் இரண்டாம் தவணை கைக்கு வந்த அன்று கையெழுத்துப் போடுங்கள். முதல் நாளே போட்டுவிட்டால், மீதி வராதபோது கேட்க உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.