பத்து டயரும் தரை தொட வேண்டும்: மாடல் கட்டுவோர் கேள்வி - பதில்

கேள்வி: பல வருடம் பெட்டியிலேயே கிடந்த 1/35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) ரெசின் மாடல் கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜிஎம்சி சிசிகேடபிள்யூ-353 லாரி. சேஸிஸ் (அடிச்சட்டம்) வில்லாக வளைந்திருக்கிறது. தேறுமா?

பதில்: தேறும். பாலியூரித்தேன் ரெசின் சூட்டில் இளகும், ஆறினால் அப்படியே நிற்கும். 60–70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். கொதிக்கிற நீர் வேண்டாம். மெல்லிய குறுக்குச் சட்டங்கள் துவண்டுவிடும். எடுத்ததும் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே தட்டையான கனம் ஒன்றை ஏற்றி ஆறவிடுங்கள். வெறும் கையால் நிமிர்த்தப் போனால் ஒரு சட்டம் நேராகும், மற்றது முறுக்கிக்கொள்ளும்.

இதோடு விட்டால் அடுத்த கோடையில் மறுபடி தொய்யும். நீளச் சட்டம் இரண்டின் உட்பக்கத்திலும் காடி கீறி, 1 மி.மீ. பித்தளைக் கம்பியை எபாக்ஸியால் (இரண்டைக் கலந்து குழைக்கும் பசை) பதித்துவிடுங்கள்.

அடுத்து அளவு. நிஜ வண்டியின் வீல்பேஸ் 164 அங்குலம், அதாவது 4,166 மி.மீ. 35-ஆல் வகுத்தால் 119. முன் அச்சிலிருந்து பின் அச்சுகள் இரண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். ரெசின் இறுகும்போது சுருங்கும் என்பதால் 118 வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 116 என்றால் கேபினுக்குப் பின்னால் அறுத்து, பிளாஸ்டிக் துண்டு செருகத்தான் வேண்டும்.

அச்சுகளை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம், திருத்த நேரம் தராது. 5 நிமிட எபாக்ஸி போட்டு, கண்ணாடி மேல் நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். எங்கே வழுக்கிக்கொண்டு போகிறதோ அந்த டயர் அந்தரத்தில் நிற்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் எட்டு. பத்தும் காகிதத்தைப் பிடிக்கும் வரை கேபின், விளக்கு எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் கிட் பசை ஒட்டவே மாட்டேன் என்கிறது. பெயிண்டும் தோலாக உரிகிறது.

பதில்: அந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது, ரெசினிடம் அதன் ஜம்பம் பலிக்காது. சூப்பர் குளூ அல்லது எபாக்ஸிதான். சூப்பர் குளூ ஒட்டு இறுக்கமானது, ஆனால் தட்டினால் விட்டுப்போகும். அதனால் பாரம் தாங்கும் இடங்களில் 0.5 மி.மீ. கம்பியை ஊசியாகச் செருகுங்கள். பெயிண்ட் உரிவதற்குக் காரணம் வார்ப்பு அச்சிலிருந்து பாகத்தை எடுக்கத் தடவிய எண்ணெய்ப்பசை. பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், பழைய டூத் பிரஷ் போதும். தேய்த்து முடித்தபின் இன்னொரு முறை கழுவி, லாக்கர் பிரைமர் (பெயிண்டுக்கு அடிப்பூச்சு) அடியுங்கள்.

கேள்வி: பாகத்தோடு ஒட்டி வரும் வார்ப்புக் கட்டையை வெட்டினால் பாகமும் சேர்ந்து உடைகிறது. ஊசித்துளைகள் வேறு.

பதில்: ஒட்டக் கத்தரிக்காதீர்கள். நுண்பல் ரம்பத்தால் 1 மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை 240, 400, 600 உப்புத்தாளில் நனைத்துத் தேயுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துத் தேய்த்தாலும் முகக்கவசம் கட்டாயம். துளைகளுக்கு சூப்பர் குளூவில் டால்கம் பவுடர் குழைத்து அடையுங்கள். வெறும் பசை ரெசினைவிடக் கெட்டியாகி, தேய்க்கும்போது சுற்றிலும் பள்ளம் விழுந்து, நடுவில் மேடாக நிற்கும்.

கேள்வி: எந்தப் பாகங்களை மாற்றினால் பலன் தெரியும்?

பதில்: முன்பக்க கிரில் காப்புச் சட்டம்தான் முதலில். பழைய வார்ப்பில் அது 1 மி.மீ. தடிமன் இருந்தால் நிஜத்தில் 35 மி.மீ. இரும்பு என்று கணக்கு! 0.2 மி.மீ. பித்தளைப் பட்டையில் புதிதாகச் செய்யுங்கள். பின்பார்வைக் கண்ணாடியைத் தாங்கும் தண்டுகளுக்குக் கம்பி. அடிப்பக்கத்தை நுணுக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை.

கேள்வி: டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னப் படம்) மஞ்சளித்துவிட்டது.

பதில்: ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வையுங்கள், வெளுக்கும். நீரில் போடும் முன் கிளியர் வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றையும் விளிம்பு ஒட்டி வெட்டுங்கள். முதலில் தேவைப்படாத எண் ஒன்றை நனைத்துப் பாருங்கள். அது சுக்குநூறானால் இன்னொரு பூச்சு வேண்டும்.