நூல் அறுவது பெரிய விஷயமில்லை, முன்பணம் மட்டும் கட்டாதீர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவில்பட்டியில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் ஒரு பெட்டி ராட்டை வாங்கினேன். கூடவே ஒரு கிலோ பஞ்சும் வந்தது. என் கையால் நூற்ற நூலில் பேத்திக்கு ஒரு குல்லா பின்ன வேண்டும் என்று ஆசை. ஆனால் ஒரு முழம் நூற்பதற்குள் நூல் அறுந்துவிடுகிறது. விற்றவரிடம் கேட்டேன். 15,000 ரூபாய் முன்பணம் கட்டித் திட்டத்தில் சேர்ந்தால் பயிற்சி தருவார்களாம். நான் நூற்கும் 20-ஆம் நம்பர் நூலை கிலோ 1,200 ரூபாய்க்கு அவர்களே எடுத்துக்கொள்வார்களாம், மாதம் 8,000 ரூபாய் வரை வருமாம். நூல் ஏன் அறுகிறது? திட்டத்தில் சேரலாமா?

பதில்: அம்மா, உங்கள் கவலை நூலைப் பற்றியது என்று தெரிகிறது. ஆனால் பணம் போனால் திரும்பாது, அதனால் அதை முதலில் பேசிவிடலாம். சேராதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், நீங்கள் வகுப்பில் போட்ட கணக்கே போதும். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் பஞ்சில், 840 கெஜ நீளச் சிட்டங்கள் (நூலை வளையமாகச் சுற்றிய கட்டுகள்) இருபது வந்தால் அது 20-ஆம் நம்பர் நூல். நம் அளவில் சொன்னால் ஒரு கிராமில் ஏறத்தாழ 34 மீட்டர், ஒரு கிலோவில் 34 கிலோமீட்டர். ஒற்றைக் கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் கூர்முனைக் கம்பி) உள்ள ராட்டையில் கைபழகிய ஒருவர் மணிக்கு 200 மீட்டர் நூற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 170 மணி நேரம் ஆகும். அவர்கள் சொல்லும் 1,200 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய். மாதம் 8,000 வேண்டுமென்றால் 226 கிலோமீட்டர் நூற்க வேண்டும். அதற்கு 1,130 மணி நேரம். முப்பது நாள் மாதத்தில் மொத்தமே 720 மணி நேரம்தான். உங்கள் வேகம் இரட்டிப்பானாலும் தினமும் 19 மணி நேரம் ராட்டை முன்னால் உட்கார வேண்டும். இந்தக் கணக்கு விற்றவருக்கும் தெரியும். நீங்கள் போட்டுப் பார்க்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் திட்டமே ஓடுகிறது.

"அப்படியானால் கதர் நூற்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். அவர்கள் நூற்பது பெட்டி ராட்டையில் இல்லை, பல கதிர்கள் உள்ள அம்பர் சர்க்காவில். அதை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர், அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர்' வந்தது. அதில் உருளைகள் பஞ்சை இழுத்துக் கொடுக்கும், நூற்பவர் கைப்பிடியைச் சுற்றி, அறுந்த இழையை ஒட்டிவிடுவார். எட்டுக் கதிரில் எட்டு நூல் ஒரே நேரத்தில் ஓடும். அப்படியும் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் கூலி வயிற்றெரிச்சலைத்தான் தரும். எரவாடா சிறையில் காந்தி மெருகேற்றிய உங்கள் பெட்டி ராட்டை, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போய் நூற்பதற்காக வந்தது. சம்பளத்துக்கு அதை நம்ப முடியாது.

என்னிடம் நூற்கப் பழகிய ஒரு அம்மா இதேபோல ஒரு திட்டத்தில் சேர்ந்தார். முதல் அரை கிலோவை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு காசும் கொடுத்தார்கள். அந்தத் தைரியத்தில் தன் தங்கையையும் சேர்த்துவிட்டார். இரண்டாவது தடவை, "நம்பர் சீராக இல்லை, ஏற்ற இறக்கம் அதிகம்" என்று சிட்டங்களை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். கையால் நூற்ற நூலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் எப்படி இருக்கும்? மூன்றாவது தடவை போனை யாரும் எடுக்கவில்லை. இரண்டு பேர் முன்பணமும் போனதுதான். 2012-இல் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் எத்தனை குடும்பங்கள் ஏமாந்தன என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதே வழிதான் இதுவும். பொருளை உங்கள் தலையில் கட்டுவது, திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுப்பது, முன்பணத்தோடு மறைவது. கோழியின் இடத்தில் இப்போது ராட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

ராட்டை வாங்கிய பில்லையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கையால் நூற்கும் ராட்டைக்கு 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதே விலக்கு கொடுத்துவிட்டார்கள். பில்லில் வரி போட்டிருந்தால் அந்தக் காசைத் திருப்பிக் கேளுங்கள், இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.

'கதர்' என்ற சொல்லைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். 1956-ஆம் ஆண்டு சட்டப்படி, கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்த துணிதான் கதர். அதை அந்தப் பெயரில் விற்க, 2013-இல் வந்த விதிமுறைப்படி கதர் முத்திரைக்குப் பதிவு வேண்டும். உங்கள் நூலை வாங்கி 'கதர்' என்று விற்கப்போவதாகச் சொன்னால், அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். இதில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. நீங்கள் கையால் நூற்று, கையாலேயே பின்னும் குல்லா இந்தச் சட்டத்தின் கண்ணில் கதர் ஆகாது, ஏனென்றால் அது தறியில் நெய்தது இல்லை. நூற்பவளின் கையை மதிக்க வந்த சட்டத்தில் பின்னுகிறவளுக்கு இடமில்லை.

உண்மையில் இந்த இடைத்தரகர்களை வளர்ப்பதே நம் அமைப்பின் அலட்சியம்தான். வீட்டில் ஆசைக்கு நூற்கிற ஒருவருக்கு நல்ல பஞ்சு ஒரு கிலோ வேண்டும். எங்கே போவார்? நான் ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். "பதிவு செய்த நூற்பாளர்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். பதிவு செய்யப் போனால், "தனியாளுக்குக் கிடையாது, குழுவாக வாருங்கள்" என்றார்கள். ஒரு கிலோ பஞ்சைக் காசுக்கு விற்பதில் என்ன கஷ்டம்? அந்தக் கதவு திறந்திருந்தால் உங்களைப் போன்றவர்கள் ஏன் முகம் தெரியாத ஆளிடம் வாங்கி அவதிப்படப் போகிறீர்கள்?

சரி, நூலுக்கு வருவோம். உங்கள் கைமேல் பழி போடுவதற்கு முன்னால் பஞ்சைப் பாருங்கள். ஒரு சிறு கொத்தைக் கிள்ளி, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். பிரிந்து நிற்கும் இழைகளை ஸ்கேலில் வைத்து அளந்தால், பெரும்பாலானவை இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டரே இருந்து, தூசியாக உதிர்ந்தால் அது மில் கழிவு. 'ஆர்கானிக் பஞ்சு' என்ற பெயரில் கழிவைக் கட்டி அனுப்பும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அதில் புதிதாகப் பழகுகிறவர் நூற்கவே முடியாது. தலையணைக்கு வைத்திருக்கும் இலவம்பஞ்சும் ஆகாது. பருத்தி இழை காய்ந்ததும் தானாகவே ரிப்பன்போல முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்குத்தான் ஒன்றையொன்று பற்றும். இலவ இழை வழவழவென்று குழாய்போல இருக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. மருந்துக்கடைப் பஞ்சும் வேண்டாம். அதை வெளுக்கும்போது இழைமேல் இருக்கும் மெழுகும் போய்விடும், இழுத்தால் வழுக்கி வராமல் கட்டி கட்டியாக வரும்.

கடைப் பஞ்சே வாங்க வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஓர் இடம் உண்டு. நீங்கள் அந்த இடத்திலேயே குடியிருப்பதால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உங்கள் ஊரைச் சுற்றி இருப்பது கரிசல் பூமி. மானாவாரியில் கருங்கண்ணிப் பருத்தி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாராவது தெரிந்தவரிடம் கொட்டையோடு இரண்டு கிலோ கேட்டு வாங்குங்கள். கருங்கண்ணியின் இழை குட்டைதான், சுவின் போன்ற நீள இழைப் பருத்தியோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இதில் நூற்பது எளிது. காரணம், இந்தப் பஞ்சு மில்லில் அடிபடவில்லை, பேலில் அமுக்கப்படவில்லை, பார்சலில் நசுங்கவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, ஒரு கொட்டையை எடுத்து, அதைச் சுற்றியுள்ள பஞ்சை விரலால் பூவாக விரியுங்கள். கொட்டையை இடது கையில் பிடித்தபடியே, கதிரில் இருக்கும் நூல் முனையை அந்தப் பஞ்சில் தொட்டு ராட்டையைச் சுற்றுங்கள். கொட்டையே பஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். கடைசியில் கொட்டை மட்டும் கையில் மிஞ்சும். பஞ்சைச் சீவி விரல்போல உருட்டிவைக்கும் பட்டை போடவே தேவையில்லை. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கம் பொந்தூரில் ஒரு மீனின் தாடை எலும்பால் பஞ்சைச் சீவி மிக மெல்லிய நூல் நூற்கிறார்கள். அத்தனை சிரத்தை உங்கள் குல்லாவுக்கு வேண்டியதில்லை, விரல் போதும். ஒன்று மட்டும், போன வருஷத்துப் பருத்தி என்றால் பஞ்சு கொட்டையோடு இறுகியிருக்கும், புதிதாக எடுத்ததைக் கேளுங்கள்.

பஞ்சு நல்லதுதான் என்றால், அடுத்து அறுந்த முனையைப் பாருங்கள். வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள், அந்த முனையில்தான் பதில் இருக்கிறது. எலி வால்போல மெலிந்து, பஞ்சாகப் பிரிந்திருந்தால் முறுக்குப் போதவில்லை. நீங்கள் ராட்டையைவிட வேகமாகக் கையை இழுக்கிறீர்கள். கத்தரித்ததுபோல மொட்டையாக அறுந்து, நூல் சுருண்டுகொண்டால் முறுக்கு அதிகம். இடது கை நின்றுவிடுகிறது, ராட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதம் பழகியும் ஒரு முழத்துக்குள் அறுகிறது என்றால், உங்களுடையது பெரும்பாலும் முதல் வகை.

அதற்கு வைத்தியம் இதுதான். இடது கையில் பட்டையைக் குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோலத் தளர்வாகப் பிடியுங்கள். பயத்தில் நசுக்கினால் இழை வெளியே வராது, கதிர் வெடுக்கென்று இழுத்து அறுத்துவிடும். நூலைக் கதிருக்கு நேர் குறுக்காகப் பிடிக்காமல், கதிர் முனையின் பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். சாய்வு சரியாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நூல் முனையிலிருந்து வழுக்கி விழும்போது விரலில் சின்னதாக ஒரு துடிப்புத் தெரியும். காது கொடுத்தால் 'டிக், டிக்' என்று சத்தமும் கேட்கும். அந்தத் துடிப்பு வந்த பிறகுதான் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ராட்டை முதலில், கை பிறகு. கை எட்டும் தூரம் வந்ததும் நிறுத்தி, கைப்பிடியை இன்னும் இரண்டு மூன்று சுற்றுக் கொடுங்கள், நூல் உறுதிப்படும். அப்புறம் கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் திருப்பி முனையில் சுற்றியதை விடுவித்து, நூலைக் கதிருக்குக் குறுக்காகக் கொண்டுவந்து சுற்றிக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இதைச் சொல்லித்தர யாரும் மெனக்கெடுவதில்லை. காய்ந்த காற்றில் பருத்தி முறுமுறுவென்று ஆகிவிடும், அதனால்தான் மில்களில் காற்றை ஈரமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் உட்காருவது நல்லது. இல்லாவிட்டால் பக்கத்தில் ஓர் ஈரத் துண்டைத் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று, 20-ஆம் நம்பரை மறந்துவிடுங்கள். அது அந்தத் திட்டக்காரர் உங்கள் தலையில் ஏற்றியது. குல்லாவுக்கு 10-ஆம் நம்பர் போதும், கிராமுக்கு 17 மீட்டர். தடிமன் கூடினால் அறுவது குறையும். ஆனால் ஒற்றை நூலில் அப்படியே பின்னிவிடாதீர்கள். முறுக்கு ஒரே பக்கமாக இருப்பதால் பின்னியது முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து கோணிக்கொள்ளும். நான்கு உருண்டைகளாகச் சுற்றி, உருளாமல் இருக்க நான்கு டம்ளரில் போட்டு, நான்கு நூலையும் சேர்த்துப் பிடித்து, ராட்டையை எதிர்ப்பக்கமாகச் சுற்றி முறுக்குங்கள். நூற்கும்போது வலப்பக்கம் சுற்றினீர்கள் என்றால் இப்போது இடப்பக்கம். நான்கு புரி சேர்ந்தால் கிராமுக்கு நான்கு மீட்டர் சொச்சம் வரும், 3 மில்லிமீட்டர் ஊசிக்குச் சரியாக இருக்கும். சின்னக் குல்லாவுக்கு 50 கிராம் எடுத்துவையுங்கள். ஒற்றை நூலாக 850 மீட்டர். தொடக்கத்தில் மணிக்கு 60 மீட்டர் வந்தாலும், தினம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு வாரத்தில் முடியும்.

பின்னுவதற்கு முன்னால் நூலைச் சிட்டமாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டி, கொஞ்சம் சோப்புப் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவையுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். பயந்துவிடாதீர்கள், அழுக்கோ சாயமோ அல்ல, பஞ்சின் மெழுகு இறங்குகிறது. அலசிக் காயப்போட்டதும் நூல் சுருளாமல் அடங்கி நிற்கும். பேத்தியின் தலையில் வியர்வையும் உறிஞ்சும். பருத்திக்கு ரப்பர்போல இழுபடும் குணம் கிடையாது. அதனால் தலைச் சுற்றளவை அளந்து, கம்பளி நூலுக்குக் குறைப்பதுபோலப் பின்னல் கண்களைக் குறைக்காமல், அளவுக்குச் சரியாகவே போடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் நாளைக் காலையில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கறுப்புத் தாள் எடுத்து வைத்துக்கொண்டு நூற்க உட்காருங்கள். அறுகிற முதல் பத்து முனைகளையும் வரிசையாக அதில் ஒட்டுங்கள். எலி வால் எத்தனை, மொட்டை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பத்தில் ஏழுக்கு மேல் எலி வாலாக இருந்தால் நான் சொன்னதுபோல ராட்டையை முதலில் சுற்றிப் பழகினால் போதும். இரண்டும் பாதிப் பாதியாக இருந்தால் அந்தப் பஞ்சில் ஒரு பிடியைத் தபாலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.