படித்த சீனர் ஒருவருக்கு எத்தனை எழுத்துகள் தெரிந்திருக்கும்?

1716-இல் வந்த காங்ஷி அகராதியில் 47,000-க்கு மேல் எழுத்துகள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம், பெரும்பாலானவை வழக்கொழிந்தவை. சீன அரசின் 2013 பட்டியலில் இருப்பவை 8,105. அதில் அன்றாடப் புழக்கத்துக்கான முதல் அடுக்கு 3,500. நிறைய வாசிக்கும் பெரியவர்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

எழுத்து வேறு, சொல் வேறு. பலரும் குழம்புவது இங்கேதான். 'தியென்' மின்சாரம், 'நாவ்' மூளை. சேர்த்தால் 'தியென்நாவ்', அதாவது கணினி! அதே 'தியென்'னோடு பேச்சைக் குறிக்கும் 'ஹுவா' சேர்ந்தால் தொலைபேசி.

வாசிக்கத் தெரிந்ததெல்லாம் கையால் எழுத வராது. போனில் சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்துகளில் தட்டி, திரையில் வரும் சீன எழுத்தைத் தேர்ந்தெடுத்தே பழகிவிட்டதால், தும்மலைக் குறிக்கும் 'பென்தி'யின் இரண்டாம் எழுத்தை எழுதச் சொன்னால் நன்கு படித்தவர்களே திகைத்துவிடுவதுண்டு. இதற்கு 'திபி வாங்ஸி' என்று பெயரே இருக்கிறது: பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோவது.