பழைய ஜீப்பின் சாயலில் புதிய தார்: எல்லை மலைப்பாதையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

போடியிலும் கம்பத்திலும் குமுளியிலும் நான்கு ஓட்டுநர்கள் ஒன்றுகூடினால் இப்போது பேச்சு தார் வண்டியில் போய்த்தான் நிற்கிறது. 2020 அக்டோபர் 2 அன்று மஹிந்திரா நிறுவனம் புதிய தாரை அறிமுகப்படுத்தியது. 2024 ஆகஸ்டில் அதன் ஐந்து கதவு வடிவமான தார் ராக்ஸ் வந்தது. இரண்டும் நம் மலையில் தலைமுறைகளாக ஓடிய ஜீப்பின் முகச்சாயலைக் கொண்டவை என்பதால் வரவேற்பும் அதிகம், சந்தேகமும் அதிகம். போடிமெட்டு அடிவாரத்தில் 27 ஆண்டுகளாகப் பட்டறை நடத்தி, ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளைப் பழுது பார்த்து வருகிறேன். தமிழக-கேரள எல்லையின் இருபுறத்து நண்பர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கம்பத்திலிருந்து ஒரு ஜீப் ஓட்டுநர்: அண்ணே, எங்கள் ஸ்டாண்டில் உள்ள மூத்தவர்கள், "முகம்தான் ஜீப், உள்ளே வெறும் கார்" என்று தாரை ஒதுக்குகிறார்கள். அது சரியா?

சரியில்லை, தம்பி. ஆனால் அவர்கள் எதை மனத்தில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பை, 1947 முதல் மஹிந்திரா நம் நாட்டில் பூட்டி விற்றது. அதன் எலும்புகள் மூன்று: ஏணி போன்ற இரும்புச் சேஸ், முன்னும் பின்னும் ஒரே தண்டாக நிற்கும் அச்சுகள், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ். தாரில் ஏணிச் சேஸ் இருக்கிறது. பின்னால் ஒற்றை அச்சு இருக்கிறது. நான்கு சக்கர இழுவை கொண்ட வகையில் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் லோ கியருக்குக் கையால் தள்ளும் தண்டும் இருக்கிறது. இவ்வளவும் உள்ள வண்டியைக் கார் என்று சொல்வது நியாயமாகாது.

மாறியிருப்பது முன் அச்சு. பழைய ஜீப்பில் இடது சக்கரம் கல்லில் ஏறினால், ஒரே தண்டு என்பதால் வலது சக்கரம் கீழே அழுத்தப்பட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் ஹவுசிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து உயர்ந்துவிடும். தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குகின்றன. தார்ச்சாலையில் இது பெரும் வரம்: குலுக்கல் குறையும், வளைவில் வண்டி சொன்னபடி திரும்பும். கல் பாதையிலோ இரண்டு முன் சக்கரங்களும் ஒருசேர அமுங்கும்போது நடுவில் உள்ள பாகம் கல்லை நோக்கி இறங்கிவருகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில், முன் சக்கரம் ஒரு கல்லிலிருந்து தொப்பென்று இறங்கும் இடங்களில் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பழைய ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆள் நடப்பதுபோல் காலை மாற்றி வைத்து ஏறும். புதிய வண்டி ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக் கணநேரம் சுழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் அனுப்பி ஏறும். இரண்டும் மேலே போய்ச் சேருகின்றன. போகிற விதம்தான் வேறு.

கணக்கில் பார்த்தாலும் மூன்று கதவுத் தார் குறைந்ததல்ல. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், முன்பக்கம் 41.8 பாகை ஏறுகோணம், 650 மில்லிமீட்டர் ஆழம்வரை நீரில் இறங்கும் திறன் ஆகியவை அதற்கு உண்டு. முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் பகுதி குறைவு என்பதால் மேட்டில் மோதாமல் ஏறுகிறது. இந்தக் குணம் நேராக வில்லிஸிலிருந்து வந்தது.

குமுளியிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணா, வயதான பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் உள்ள வீடு எங்களுடையது. மாதம் ஒரு முறை தேனிக்கு இறங்கி ஏறுவோம். எனக்கு ராக்ஸ் பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், அம்மா. மூன்று கதவுத் தாரில் பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தண்டனை. ராக்ஸில் சக்கர இடைவெளி 2,450-லிருந்து 2,850 மில்லிமீட்டராக நீண்டிருப்பதால் பின் இருக்கைக்கு இடமும் தனிக் கதவும் கிடைத்திருக்கின்றன. மோதல் சோதனையில் தார் 2020-இல் குளோபல் என்கேப்பிடம் நான்கு நட்சத்திரமும், ராக்ஸ் பாரத் என்கேப்பிடம் ஐந்து நட்சத்திரமும் பெற்றவை. தார்ப்பாய்க் கூரையும் திறந்த பக்கங்களுமாக ஓடிய ஜீப்பில், இடுப்புப் பட்டை இல்லாமல் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு இதே மலையில் ஏறியவர்கள் நாம். அந்த நினைவு எவ்வளவு இனியதானாலும், உங்கள் குழந்தைகளுக்கு நான் ஐந்து நட்சத்திர வண்டியைத்தான் சொல்வேன்.

ராக்ஸ் அறிமுகமானபோது நான்கு சக்கர இழுவை டீசலில் மட்டுமே தரப்பட்டது; பெட்ரோல் வகை பின் சக்கர இழுவைதான். குமுளி மலைச்சாலைக்கு அதுவே போதுமானது. பெற்றோரை ஒரு முறை கடைக்கு அழைத்துச்சென்று ஏறி உட்காரவைத்துப் பாருங்கள். படி உயரம் அவர்களுக்கு ஒத்துவருகிறதா என்பதை விளம்பரம் சொல்லாது.

பூப்பாறையிலிருந்து ஓர் இளைஞர்: மழை நாளில் பிடிமானத்துக்காகப் போடிமெட்டு வளைவுகளில் போர் வீல் (நான்கு சக்கர இழுவை) போட்டு இறங்குகிறேன். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் இறுகி, அடியில் கடக் என்று ஓசை வருகிறது. வண்டியில் குறையா?

வண்டியில் குறை இல்லை. நீங்கள் செய்வதுதான் தவறு. உடனே நிறுத்துங்கள்.

வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. ஆகவே முன் அச்சு அதிகமாகச் சுழல வேண்டும். தாரிலும் பழைய ஜீப்பிலும் போர் வீல் போட்டவுடன் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்பர் கேஸ் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. வேக வேறுபாட்டை விழுங்கிக்கொள்ள நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. சேற்றில் என்றால் ஏதாவது ஒரு சக்கரம் சிறிது வழுக்கி அந்த முறுக்கைத் தணித்துவிடும். தார்ச்சாலை, நனைந்திருந்தாலும், அந்த அளவுக்கு வழுக்க விடாது. முறுக்கு முழுவதும் தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் எதையாவது உடைத்துக்கொண்டுதான் வெளியேறும். உங்களுக்குக் கேட்ட ஓசை அதன் முன்னெச்சரிக்கை.

மழையில் இறங்க டூ வீலும் (பின் சக்கர இழுவை), ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரும், நல்ல டயரும் போதும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, கீழே வந்து புகையும் டிரம்மோடு என் பட்டறை வாசலில் நிற்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். தார்ச்சாலை முடிந்து தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்தில் போர் வீல் போடுங்கள். சாலைக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

வண்டன்மேட்டிலிருந்து ஓர் ஏலத்தோட்ட உரிமையாளர்: என்னிடம் இருக்கும் இரண்டு பழைய ஜீப்புகளைக் கொடுத்துவிட்டு, தோட்ட வேலைக்கே ஒரு தார் வாங்க எண்ணுகிறேன். உங்கள் கருத்து என்ன?

ஐயா, உங்கள் சொந்தப் பயணத்துக்கு என்றால் மறுக்கமாட்டேன். தோட்ட வேலைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது பாரம். பழைய ஜீப்பின் இரும்புப் பட்டை ஸ்பிரிங் மூட்டை சுமக்கப் பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சாந்தம்பாறைப் பக்கம் ஒரு ஜீப்பின் பின்பட்டையில் முதல் பட்டை முறிந்து, வண்டி ஒரு பக்கம் படுத்துவிட்டது; ஏற்றியிருந்த பாரம் அப்படி. நான் போய்ச் சேருவதற்குள் அந்த ஓட்டுநர் ஒரு மரத்துண்டைச் செதுக்கி அச்சுக்கும் சேஸுக்கும் இடையில் வைத்து, ஏலமூட்டை கட்டும் கயிற்றால் எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். அப்படியே 17 கிலோமீட்டர் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். புதிய தாரில் சுருள் ஸ்பிரிங். ஆளுக்கு அது மிகவும் சுகம். நாள்தோறும் உரமூட்டைக்கு அது உரியதல்ல.

இரண்டாவது புகைக்கரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது கரியைப் பிடித்துவைத்து, வண்டி நன்றாகச் சூடேறி ஒரே சீராக ஓடும்போது தானே எரித்துவிடும். உங்கள் தோட்டத்தில் வண்டி எப்படி ஓடுகிறது? முதல் கியரில் இரண்டு கிலோமீட்டர், நிறுத்தம், மறுபடி இரண்டு கிலோமீட்டர். கரி சேருமே தவிர எரியாது. எச்சரிக்கை விளக்கு வந்துவிடும். தார் வைத்திருந்தால் வாரம் ஒரு முறையாவது கம்பம் தாண்டிச் சமவெளிச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வரவேண்டும்.

மூன்றாவது பழுது. அண்மையில் இந்தக் காலத்து வண்டி ஒன்று எலி கடித்த சென்சார் ஒயரால் முகப்பு முழுவதும் விளக்கெரிய என்னிடம் வந்தது. ஒயரை ஒட்டப் பத்து நிமிடம். எந்த ஒயர் என்று கண்டுபிடிக்கக் கணினிக் கருவியோடு ஒரு நாள். பழைய ஜீப்பை ஒரு ஸ்பானர் பையோடு தோட்டத்திலேயே திறந்து மூடலாம். நீங்கள் அந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் பிறகு வருந்துவீர்கள். தொழிலாளர்களை ஏற்றுவதற்கான அனுமதியும் இருக்கை எண்ணிக்கையும் வேறு இருக்கின்றன. அதை வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவாரத்துக்காரர், இப்போது துபாயில்: இங்கே கிரனேடியர் என்று ஒரு வண்டி ஓடுகிறது. பார்த்தால் அப்படியே பழைய லேண்ட் ரோவர். இதுவும் தார் போல ஒரு நகல்தானே?

நல்ல கேள்வி. நகல் என்பதைவிடப் பங்காளி என்று சொல்லுங்கள். 1947-இல் இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் முதல் லேண்ட் ரோவர் மாதிரியைச் செய்தபோது, போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப்பின் சேஸ் மீதுதான் அதைக் கட்டினார். ஆகவே தாரும் கிரனேடியரும் ஒரே பாட்டனாரின் இரு கிளைகள்.

அந்த முதல் லேண்ட் ரோவரின் வழிவந்த பழைய டிஃபென்டர் வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் முடிந்தது. பிறகு வந்த புதிய டிஃபென்டர் ஏணிச் சேஸைக் கைவிட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, வேதிப்பொருள் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃபின் இனியோஸ் நிறுவனம் கிரனேடியரைக் கொண்டுவந்தது. 2022 அக்டோபரில் பிரான்சின் ஹம்பாக் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. ஏணிச் சேஸ், முன்னும் பின்னும் ஒற்றை அச்சு, லோ கியர், பிஎம்டபிள்யூவின் மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். அச்சுகளைச் செய்து தருவது இத்தாலியின் கராரோ. டிராக்டர் அச்சுக்குப் பெயர்போன நிறுவனம் அது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி ஏற்பட்டது.

வடிவத்துக்காக வழக்கும் நடந்தது. டிஃபென்டரின் உருவம் தனக்கே உரிய வணிகச்சின்னம் என்ற ஜாகுவார் லேண்ட் ரோவரின் வாதத்தை 2020-இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே 2020-இல் அமெரிக்காவில் மஹிந்திராவின் ராக்ஸார் வண்டி ஜீப்பின் தோற்றத்தைப் பின்பற்றுகிறது என்று முடிவாகி, அதன் முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

கிரனேடியரை ஓட்டியவர்களில் பலர் சொல்லும் குறை, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதில்லை, கையால் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பது. நம் ஊரில் பழைய ஜீப் ஓட்டியவர்களுக்கு அந்தப் பழக்கம் தோளிலேயே ஊறியிருக்கும். ஒற்றை முன் அச்சை வைத்துக்கொண்டால் கல்பாதையில் லாபம், நெடுஞ்சாலையில் அதற்கு விலை. தார் நெடுஞ்சாலையைத் தேர்ந்தது, கிரனேடியர் கல்பாதையைத் தேர்ந்தது. நம் ஊருக்கு மட்டும் என்றால் என் மனம் கிரனேடியரின் அச்சுப் பக்கம்தான். ஆனால் 2,600 கிலோவுக்கு மேற்பட்ட அந்த உடம்பு நம் தோட்டத்துச் சந்துகளில் நுழையாது.

நெடுங்கண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சேட்டா, தாருக்குப் பெரிய டயரும் இரும்பு பம்பரும் போட்டால் பழைய ஜீப்பின் கம்பீரம் வருமா?

கம்பீரம் வரும், அபராதச் சீட்டும் வரும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். இரும்பு பம்பர் போட்டால் மோதும்போது காற்றுப்பை விரிய வேண்டிய நேரக் கணக்கும் பிசகும். போடாதீர்கள்.

உத்தமபாளையத்திலிருந்து ஒரு வாசகர்: அப்பா ஓட்டிய கமாண்டர் ஜீப் கொட்டகையில் நிற்கிறது. அதை விற்று அந்தப் பணத்தைத் தாருக்கு முன்பணமாகக் கட்டலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. என்ன செய்வது?

மனத்தை வைத்து முடிவெடுப்பதற்கு முன் சேஸைப் பார்த்துவிடுங்கள். பின்பட்டையைத் தாங்கும் கொக்கி சேஸோடு சேரும் இடத்தில் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிறிய சுத்தியலால் தட்டுங்கள். டங் என்று மணிபோல் ஒலித்தால் இரும்பு உயிரோடு இருக்கிறது. பொத் என்று கேட்டாலோ துகள் உதிர்ந்தாலோ உள்ளே அரித்திருக்கிறது. முன் ஹவுசிங்கின் இரு முனைகளிலும் உள்ள உருண்டைப் பகுதியில் எண்ணெய் வழிகிறதா என்றும் பாருங்கள். 15 ஆண்டுகள் கடந்த வண்டி என்றால் பதிவு புதுப்பித்திருக்கிறதா, எதுவரை செல்லும் என்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு நான் இருக்கிறேன். தட்டிப் பார்த்த ஓசையையும் ஆர்.சி. விவரத்தையும் எழுதுங்கள், தம்பி. விற்பதா வேண்டாமா என்பதை அப்போது சொல்கிறேன்.