இம்பிக்காகக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: அண்ணா, சிவிலைசேஷன் 6 கணினி ஆட்டத்தில் ஸூலு அரசர் ஷாகாவை விட்டு வேறு யாராகவும் ஆட எனக்கு மனம் வருவதில்லை. இம்மார்ட்டல் நிலை வரை ஒருவழியாக ஜெயித்துவிட்டேன். அதற்கும் மேலே, மிகக் கடினமான டெய்ட்டியில்தான் முடியவில்லை. ஒரே கண்டம் உள்ள மேப், ஸ்டாண்டர்ட் வேகம். மூன்று நான்கு நகரம் அமைத்து, முடிந்தால் ஸ்டோன்ஹெஞ்ச் அதிசயமும் கட்டி, ஸூலுவின் தனிப்படையான இம்பி வந்ததும் படையோடு கிளம்பலாம் என்று இருப்பேன். அதற்குள் பக்கத்து நாட்டான் வந்து ஒரு நகரத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். தப்பித்தாலும், இம்பி கைக்கு வரும்போது எல்லா ஊரிலும் மதில் எழும்பி நிற்கிறது. ஆரம்பத்திலேயே படையெடுத்து ஜெயிக்க வழி இருக்கிறதா? (சாட்ஸ்வர்த், டர்பனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இருக்கிறது தம்பி. ஆனால் அந்த முதல் போரில் இம்பி இருக்காது. நீங்கள் தோற்பது ஷாகாவால் அல்ல, இம்பிக்காகக் காத்திருப்பதால்.

பழைய ஆட்டக்காரர்கள் சிலர் "ஸூலு என்றால் இம்பியைக் கட்டு, உடனே பாய்" என்று சொல்வார்கள். அது மூன்றாம், நான்காம் பாகங்களின் கதை. அங்கே இம்பி ஆதி காலத்து ஈட்டிக்காரனுக்குப் பதிலாக வந்தது. 2018-ல் வெளிவந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தில் ஷாகா ஆறாம் பாகத்துக்குள் வந்தபோது, இம்பி பிற்கால ஈட்டிப்படையான பைக்மேனின் இடத்தில் இருந்தது. மிலிட்டரி டாக்டிக்ஸ் தொழில்நுட்பம் கற்றால்தான் கிடைக்கும், அதாவது இடைக்காலத்தில். அதுவரை ஷாகாவின் படையும் மற்றவர் படையும் ஒன்றுதான். விமான நிலையத்துக்கே அவர் பெயர் வைத்த ஊரில் இதைச் சொல்வது சங்கடம்தான், என்ன செய்வது!

டெய்ட்டியில் உண்மையில் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். கணினி ஆடும் ஒவ்வொரு நாடும் நகரம் அமைக்கும் செட்லர் மூன்று, காலாட்படை வாரியர் ஐந்தோடு ஆட்டத்தைத் தொடங்குகிறது. நமக்கு ஒன்றும் ஒன்றும். போதாதென்று அவர்கள் ஒவ்வொரு படைக்கும் போர்வலுவில் 4 புள்ளி சும்மா கிடைக்கிறது. சம வலுவுள்ள இரண்டு படை மோதினால் ஆளுக்குச் சுமார் 30 அடி. இந்த 4 புள்ளி சேர்ந்தால் உங்கள் வாரியர் ஏறக்குறைய 35 அடி வாங்கி, 26 மட்டுமே திருப்பிக் கொடுப்பான். உயிர் 100 தான். எனவே வாரியரை வாரியரோடு மோதவிடுவது நஷ்டக் கணக்கு. எத்தனை முறை மோதினாலும் அப்படித்தான்.

வில்லாளிக்குத் திருப்பி அடி விழாது. டெய்ட்டி வெற்றியின் மூலதனமே அதுதான். ஆர்ச்சரின் எறிவலு 25, தூரம் இரண்டு கட்டம். எதிரி வாரியரின் வலு போனஸோடு 24. ஓர் அம்புக்கு 30-க்குச் சற்று மேல் போகும். மூன்று ஆர்ச்சர் சேர்ந்து எய்தால் குற்றுயிர், வாரியர் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. உங்கள் பக்கம் யாரும் சாகவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் உற்பத்தி கவண் எறியும் ஸ்லிங்கர், அடுத்ததும் ஸ்லிங்கர். ஒன்றுக்கு 35 உற்பத்திதான். ஸ்லிங்கர் கையால் ஓர் எதிரி செத்தால் ஆர்ச்சரி தொழில்நுட்பத்துக்கு, ஆராய்ச்சிச் செலவைக் குறைக்கும் யுரேகா கிடைக்கும். அதற்கு எந்த நாட்டையும் சேராத பார்பேரியன்களே போதும். வாரியரால் அடித்து, கடைசி அடியை ஸ்லிங்கருக்கு விட்டுவிடுங்கள். பலர் அவசரப்பட்டு வாரியராலேயே கொன்றுவிட்டு, பிறகு ஆர்ச்சரியை முழு விலை கொடுத்து ஆராய்கிறார்கள். ஆர்ச்சரி வந்ததும் ஸ்லிங்கரை 60 தங்கத்தில் ஆர்ச்சராக மாற்றலாம். புதிதாக ஓர் ஆர்ச்சரை விலைக்கு வாங்கினால் 240. வித்தியாசத்தைப் பாருங்கள்! எனவே ஆர்ச்சரி முடிவதற்குள் மூன்று ஸ்லிங்கர் கையில் இருக்கட்டும், தங்கத்தை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

தங்கம் எங்கிருந்து வரும்? டெய்ட்டியில் பக்கத்து நாட்டான் கையில் எப்போதும் பணம் புரளும். உங்களிடம் உள்ள ஆடம்பரப் பொருளை, கேதரிங் ஸ்டார்ம் இருந்தால் டிப்ளமேட்டிக் ஃபேவரையும், மொத்தத் தங்கத்துக்கு விற்றுவிடுங்கள். யாரைத் தாக்கப் போகிறீர்களோ அவரிடமே விற்பது இன்னும் லாபம். அறம் பார்க்கிறவர்கள் வேறு ஆட்டம் ஆடலாம்.

ஒரு பில்டர் வேண்டும். அவருடைய மூன்று வேலையையும் மூன்று நிலத்தைப் பண்படுத்தவே செலவிடுங்கள். பண்பாட்டால் கற்கும் சிவிக்குகளில் ஒன்றான கிராஃப்ட்ஸ்மன்ஷிப்புக்கு, யுரேகா போன்ற இன்ஸ்பிரேஷன் கிடைத்து அகோஜி கொள்கை சீக்கிரம் திறக்கும். ஆதி, செவ்வியல் காலத்துக் காலாட்படையும் வில்படையும் கட்ட 50 சதவீதம் கூடுதல் உற்பத்தி தருவது அது. அகோஜி இருக்கும்போது அடுத்த பில்டர் காட்டை வெட்டினால் அந்த வரவும் படைக்கே போய்ச் சேரும். ஸ்டோன்ஹெஞ்சை மறந்துவிடுங்கள். டெய்ட்டியில் அதைக் கணினி முந்திக்கொள்ளும். நீங்களே முந்தினாலும் அந்த உற்பத்தியில் கிடைத்திருக்க வேண்டிய ஆர்ச்சர்கள் எல்லையில் இருக்க மாட்டார்கள். அதிசயமும் வேண்டும், படையும் வேண்டும் என்றால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான். ஸூலுவின் தனிப் படைமுகாமான இகாண்டாவும் முதல் போர் முடிந்த பிறகு போதும்.

யாரைத் தாக்குவது என்பதை ஸ்கவுட் சொல்லட்டும். பக்கத்தில் இருக்க வேண்டும், வழி திறந்த வெளியாக இருக்க வேண்டும். குன்றும் காடும் நிறைந்த பாதையில் ஒரு டர்னுக்கு ஒரு கட்டம்தான் நகர முடியும், அதற்குள் அவன் விழித்துக்கொள்வான். சுமேரியா என்றால் விலகிவிடுங்கள். முதல் டர்னிலிருந்தே 30 வலுவுள்ள போர்வண்டி கட்டக்கூடியவர்கள். ஆஸ்டெக்கின் ஈகிள் வாரியருக்கு 28. நூபியாவின் வில்லாளிகள் நம் ஆர்ச்சரைவிட நன்றாக எய்வார்கள். இந்த மூவரும் அண்டை வீட்டாராக அமைந்தால் சமாதானமாகப் போய், மறுபக்கத்து அண்டை வீட்டானைப் பாருங்கள். யாரைச் சந்தித்தாலும் அந்த டர்னிலேயே 25 தங்கத்துக்கு டெலிகேஷன் அனுப்பிவிடுங்கள். உங்கள் மீது அவர்கள் பாய்வது கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் தாக்கப் போகிறவனோடு நட்பு அறிவிக்காதீர்கள். அறிவித்தால் 30 டர்ன் கை கட்டப்பட்டுவிடும்.

நான்கு ஆர்ச்சர், மூன்று காலாட்படை. அந்த மூன்றில் ஒருவன் ஈட்டிக்காரனாக இருக்கட்டும், காரணம் பிறகு. முப்பதாவது டர்னை ஒட்டி இந்தப் படை எல்லையில் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. நாற்பதைத் தாண்டினால் மதில் எழும்பும் ஆபத்து ஒவ்வொரு டர்னும் கூடிக்கொண்டே போகும். போர் அறிவிக்கும் நாளை அவனுடைய செட்லர் பார்த்துச் சொல்வார்: துணைப்படை இல்லாமல் அவர் வெளியே நடக்கும்போது அறிவியுங்கள். அவர் நின்ற கட்டத்தில் உங்கள் வாரியர் கால் வைத்தால் செட்லர் உங்களுக்குச் சொந்தம். உங்கள் இரண்டாவது நகரம் இலவசம்.

அறிவித்தவுடன் நகரத்தை நோக்கி ஓடாதீர்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் படையை இழக்கிறார்கள். அவனிடம் ஐந்து வாரியருக்கு மேலேயே இருக்கும், அத்தனை பேரும் ஒவ்வொருவராக உங்களைத் தேடி வருவார்கள். கணினிக்குச் சேர்ந்து வரத் தெரியாது. எல்லைக்கு இந்தப் பக்கம், குன்றின் மேலோ ஆற்றுக்குப் பின்னாலோ வாரியர்களை நிறுத்தி, பின்னால் ஆர்ச்சர்களை வையுங்கள். குன்றும் காடும் தற்காப்புக்கு 3 புள்ளி, இரண்டு டர்ன் அரண் அமைத்து நின்றால் இன்னும் 6. சொந்த நிலத்தில் காயம் டர்னுக்கு 15 ஆறும், அவன் நிலத்தில் 5 தான். ஆக, அவன் படையை உங்கள் வீட்டு வாசலில் வைத்துக் கொல்லுங்கள், அவன் ஊருக்குக் காலியான பாதையில் போங்கள்.

பதவி உயர்வு வந்ததும் அழுத்திவிடாதீர்கள். உயர்வை ஏற்கும் டர்னில் அந்தப் படைக்கு 50 உயிர் திரும்பும், அந்த டர்ன் ஆட்டம் போய்விடும். அடிபட்டு விழப்போகிற நேரத்துக்கு அதைச் சேமித்து வைத்தால் பாதிப் படை இலவசமாகக் கிடைத்தது போல.

இப்போது முற்றுகை. மதில் இல்லாத நகரம் திருப்பி எய்யாது. அதன் உயிர் 200, டர்னுக்கு 20 ஆறும். ஆனால் சுற்றியுள்ள ஆறு கட்டமும் உங்கள் பிடியில் இருந்தால் ஒரு புள்ளிகூட ஆறாது. ஆறு படை தேவையில்லை. காலாட்படை நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கட்டமும் அதன் கட்டுப்பாட்டில் வந்துவிடும் என்பதால், ஒன்று விட்டு ஒன்றாக மூன்று பேர் நின்றால் போதும். ஆர்ச்சருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அவர்களை இடைவெளியில் வைத்து முற்றுகை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஸூலுப் படை மார்பு என்னும் நடுப்படை நேரே நிற்க, கொம்பு என்னும் இரண்டு பிரிவுகள் பக்கவாட்டில் ஓடி எதிரியை வளைக்கும் வியூகத்தை இசாண்டல்வானா போரிலும் பயன்படுத்தியது. 1879 ஜனவரி 22-ல் பிரிட்டிஷ் முகாமை அழித்ததும் அப்படித்தான். அன்று அரசர் கெட்ஷ்வாயோ, ஷாகா இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆட்டத்திலும் நடுவில் நிற்பவன் அடி வாங்குவான், கொம்புகள் இரண்டும் முதலில் பின்பக்கம் போய்ச் சேர வேண்டும். எல்லோரும் வரும் திசையிலேயே முட்டிக்கொண்டு நின்றால் நகரம் ஆறிக்கொண்டே இருக்கும். கடலோர நகரமாக இருந்தால் தண்ணீர்க் கட்டங்களும் கணக்கில் வரும். முதல் போருக்கு உள்நாட்டு நகரமே நல்லது.

நகரத்தின் மீது ஆர்ச்சரின் வலுவில் 17 குறைந்துவிடும், அவர்களை மட்டும் நம்பாதீர்கள். ஆர்ச்சர் தேய்ப்பார், வாரியர் இடிப்பார். ஆற்றைக் கடந்து தாக்குவதைத் தவிருங்கள். கடைசி அடி காலாட்படையுடையதாக இருக்க வேண்டும், வில்லாளி நகருக்குள் நுழைய முடியாது. அதற்கு உயிர் நிறைய உள்ள ஒருவனை ஒதுக்கி வையுங்கள்.

போவதற்குள் மதில் எழும்பிவிட்டதா? மேசன்ரி கற்று ஒரு பேட்டரிங் ராம் கொண்டுபோனால் ஆதி காலத்து மதிலைக் காலாட்படை முழு வலுவோடு உடைக்கும். ஒரு நகரில் மட்டும் மதில் என்றால் ராம் கட்டுங்கள். எல்லா நகரிலும் என்றால் சமாதானம் கேட்டு, தங்கம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவதே புத்தி.

முதலில் தலைநகரம். எல்லையில் உள்ள சின்ன ஊரைப் பிடித்தால், தலைநகரின் மக்கள்தொகை தரும் லாயல்ட்டி (விசுவாசம்) அழுத்தத்தில் அது மீண்டும் கலகம் செய்யும். ஒன்பது கட்டத் தூரம் வரை அந்த அழுத்தம் வேலை செய்கிறது. தலைநகரம் விழுந்தால் அதே அழுத்தம் உங்களுக்கு. பிடித்த ஊரில் ஒரு படையை நிறுத்திவையுங்கள். ஷாகாவுக்கு மட்டும் அதனால் லாயல்ட்டி 3 கூடும், ஏர்லி எம்பயர் சிவிக்கில் வரும் லிமிட்டானெய் கொள்கை இன்னும் 2 தரும், கவர்னரை அனுப்பினால் 8. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.

லோட் ஷெடிங் காலத்தில் பழகிய ஒரு பழக்கம்: ஆட்டோசேவை ஒவ்வொரு டர்னுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றுகையின் நடுவில் மின்சாரம் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி இம்பி. ஈட்டிக்காரனைச் சேர்க்கச் சொன்னேனே, அவன் கையால் ஓர் எதிரி விழுந்தால் மிலிட்டரி டாக்டிக்ஸுக்கு யுரேகா. முதல் போரில் பிழைத்த படை எட்டு ஆகிவிட்டால் மெர்சினரீஸ் சிவிக்குக்கு இன்ஸ்பிரேஷன். அந்த ஒரே சிவிக்கில் இரண்டு வரவு: படை மேம்படுத்தும் செலவைப் பாதியாக்கும் புரொஃபஷனல் ஆர்மி கொள்கை, மற்றவர்களுக்கு வெகு காலம் கழித்துக் கிடைக்கும், இரண்டு படையை ஒன்றாக்கிக் கோர் அமைக்கும் உரிமை ஷாகாவுக்கு அப்போதே. கோருக்கு அவர் தரும் கூடுதல் வலு 5. எனவே முதல் போர் முடிந்ததும் இன்னும் மூன்று நான்கு ஈட்டிக்காரர்களைக் கட்டி, தங்கத்தைச் சேர்த்து வையுங்கள். மிலிட்டரி டாக்டிக்ஸ் வந்த டர்னில் அவர்கள் எல்லோரும் அரை விலையில் இம்பியாவார்கள், நகரத்தைப் பிடிக்கும் இம்பி அங்கேயே கோராக மாறும். ராம், இடைக்கால மதிலென்றால் சீஜ் டவர், இரண்டும் இம்பிக்கும் உதவும். இரண்டாவது அண்டை வீட்டானிடம் அப்போது மதில் இருந்தாலும் பரவாயில்லை.